43 ஜம்ப்போடு ஈலாய் போகலாமா? போகலாம், முதல் நாள் காலையை நடப்பதற்கு ஒதுக்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். ஓஹையோவில் செஸ்னா 182 என்ற ஒரே ஒரு சின்ன விமானம் ஓடும் சின்ன டிராப்ஸோனில், அதாவது விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் களத்தில், ஸ்கைடைவிங் பயின்று, முதல் கட்டமான ஏ லைசென்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். 43 ஜம்ப் ஆகியிருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே மூடிவிடுவதால் டிசம்பர் கடைசி வாரம் அரிசோனாவில் ஈலாய் என்ற ஊரில் உள்ள பெரிய டிராப்ஸோனுக்குப் போகிறீர்கள், கூடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவ்வளவு பெரிய இடத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், ஹெல்மெட்டில் கோப்ரோ கேமரா மாட்டிக்கொள்ளலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் "அங்கே நான் யாருக்காவது இடைஞ்சலாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பதினாறு வருடமாகக் குதிக்கிறேன், அதில் பத்து வருடம் கோச்சாகப் புதியவர்களோடு குதித்திருக்கிறேன். வேலை சாண்ட்லரில், அங்கிருந்து ஈலாய் முக்கால் மணி நேரம், குளிர்காலத்தில் பாதி சனிக்கிழமைகள் அங்கேதான் கழியும். உங்களைப் போல நாற்பது, ஐம்பது ஜம்ப்போடு தனியாக வந்து இறங்கும் ஆட்களை வருடா வருடம் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே குதித்துவிட்டுப் போகிறார்கள். திணறுகிறவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதும் இத்தனை வருடத்தில் தெரிந்துவிட்டது: விமானத்திலும் இல்லை, பாராசூட் விரியும் முன் விழும் ஃப்ரீஃபாலிலும் இல்லை, பாராசூட் விரிந்த பிறகு.

சின்ன இடத்துக்கும் பெரிய இடத்துக்கும் முக்கியமான வித்தியாசம் உயரத்தில் இல்லை, கூட்டத்தில்தான். உங்கள் செஸ்னாவில் நாலு பேர் ஏறுவீர்கள், வானத்தில் மொத்தம் நாலு கேனபி (விரிந்த பாராசூட்), அதில் ஒன்று உங்களுடையது. ஈலாயில் ட்வின் ஆட்டர் என்ற பெரிய விமானத்தில் இருபது பேருக்கு மேல் ஏறுவார்கள், அது கால் மணி நேரத்துக்குள் 13,000 அடிக்குக் கொண்டுபோய்விடும், அது இறங்குவதற்குள் அடுத்தது மேலே போய்க்கொண்டிருக்கும், பரபரப்பான நாளில் இடையில் பின்கதவு திறக்கும் ஸ்கைவேனும் சேர்ந்துகொள்ளும். அதாவது நீங்கள் கேனபியில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்களைச் சுற்றி இருபது கேனபி இருக்கலாம். சில உங்களுடையதைப் போலப் பெரியதாக மெதுவாக வரும், சில கைக்குட்டை மாதிரிச் சின்னதாக இருந்துகொண்டு உங்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் கீழே போகும். 2023இல் அமெரிக்கா முழுவதும் சுமார் 36.5 லட்சம் ஜம்ப்களில் 10 மரணங்கள் என்று அமெரிக்க பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏ கணக்குக் காட்டியது, இந்த விளையாட்டு அந்த அளவுக்குப் பாதுகாப்பாகியிருக்கிறது. மிஞ்சியிருக்கும் விபத்துகளில் பாராசூட் விரியாததால் நடப்பது குறைவு, நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழே தரைக்குப் பக்கத்தில் எடுத்த தவறான முடிவால் நடப்பதுதான் வருடா வருடம் கணிசமாக இருக்கிறது. அதனால் நேரத்தையும் கவனத்தையும் அங்கே செலவழியுங்கள் என்கிறேன்.

முதலில் எப்போது போவது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடையில் அங்கே பெரிய பூகி, அதாவது ஸ்கைடைவர்களின் திருவிழா, நடக்கும், உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அந்த வாரத்தில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் சரி, ஆனால் முடிந்தால் இரண்டு நாள் முன்னதாக, வார நாளில் வந்துவிடுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை பாதி நிறைந்த விமானத்தில் அந்த இடத்தைக் கற்றுக்கொள்வதும் சனிக்கிழமை மதியம் கற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. யுஎஸ்பிஏ அட்டை, லைசென்ஸ், ஜம்ப்களை எழுதிவைக்கும் லாக்புக், ரிசர்வை (அவசரத்துக்கான இரண்டாவது பாராசூட்டை) பேக் செய்த தேதி உள்ள கார்டு, இந்த நாலும் கையில் இருக்கட்டும். ரிசர்வ் 180 நாளுக்குள் ரிக்கர் (ரிசர்வை மடிக்கும் உரிமம் பெற்றவர்) கையால் பேக் ஆகியிருக்க வேண்டும், பயணத்தின் நடுவில் தேதி முடிகிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், நிறையப் பேர் வந்து நின்று மாட்டிக்கொள்வது இதில்தான். இன்னொன்று, ஏ லைசென்ஸ்காரர் 60 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால் இன்ஸ்ட்ரக்டரோடு ஒரு ரெஃப்ரெஷர் செய்ய வேண்டும். உங்கள் இடம் அக்டோபர் நடுவிலேயே மூடியிருந்தால் நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள், போன் செய்து முன்பே சொல்லிவிடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை, அப்படி வருபவர்களுக்கு ஏற்பாடு செய்வது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை.

மேனிஃபெஸ்ட்டில், அதாவது யார் எந்த விமானத்தில் ஏறுவது என்று பெயர் எழுதும் மேசையில், பதிவு முடிந்ததும் புதியவர்களுக்கு ஒரு விளக்கம் தருவார்கள். மேலிருந்து எடுத்த படம் ஒன்றை வைத்துக்கொண்டு எங்கே இறங்கலாம், எங்கே கூடாது, எத்தனை டிகிரிக்கு மேல் திரும்பக் கூடாது, ஓடுபாதையை எந்த உயரத்துக்குக் கீழே தாண்டக் கூடாது என்றெல்லாம் சொல்வார்கள். இந்த விதிகள் இடத்துக்கு இடம் வேறு, ஒரே இடத்திலும் மாறும், அதனால் நான் இங்கே எண்களை எழுதப் போவதில்லை, அன்றைக்கு அங்கே அவர்கள் சொல்வதுதான் விதி. விளக்கம் முடிந்ததும் உடனே லோடில் (ஒரே விமானத்தில் சேர்ந்து போகும் கூட்டத்தில்) பெயர் கொடுக்காதீர்கள். இறங்கும் களத்தின் ஓரமாக நடந்து போய், ஒரு இடத்தில் நின்று, மூன்று லோடு இறங்குவதை முழுசாகப் பாருங்கள். எல்லோரும் எங்கே காத்திருக்கிறார்கள், எந்த மூலையில் திரும்புகிறார்கள், வேகமாக வரும் சின்னக் கேனபிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன, காற்று திசை மாறும்போது என்ன ஆகிறது, இதெல்லாம் படத்தில் தெரியாது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என்னோடு வரும் புதியவர்களை நான் முதல் நாள் காலை இப்படித்தான் நடக்க வைக்கிறேன், விமானம் போய்க்கொண்டிருக்கும்போது நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அறுபது ஜம்ப் வாக்கில் நானே ஒரு பெரிய டிராப்ஸோனில் இதைச் செய்யாமல் ஏறினேன். இடத்தின் பெயர் வேண்டாம், தவறு என்னுடையது. கேனபி விரிந்ததும் எல்லோரும் நடுவில் இருந்த பச்சைப் புல்வெளியைப் பார்த்துப் போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். 300 அடியில் நேராக வந்துகொண்டிருக்கும்போது இடது பக்கம் இருந்து ஒருவர் எனக்குக் கீழே குறுக்காக வந்தார், நான் பயந்து வலது பக்கம் டாகிளை, அதாவது கேனபியைத் திருப்பும் கைப்பிடியை, இழுத்தேன், கேனபி சாய்ந்தது, அது நிமிர்வதற்குள் தரை வந்துவிட்டது. கணுக்காலோடு போனது. இன்னும் நாற்பது அடி தாழ்வாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அந்தப் புல்வெளிக்குப் பக்கத்திலேயே யாருமே இல்லாத பெரிய மண் நிலம் இருந்தது, அதைப் பார்க்கவே இல்லை நான்.

அதனால் முதல் இரண்டு நாள் நடுப் புல்வெளியை மறந்துவிடுங்கள். ஒதுக்குப்புறமாக, விரிந்து கிடக்கும் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு அங்கேயே இறங்குங்கள், ஐந்து நிமிடம் அதிகமாக நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். 1,000 அடியில் டவுன்விண்ட் (காற்றோடு), 600இல் பேஸ் (காற்றுக்குக் குறுக்காக), 300இல் ஃபைனல் (காற்றுக்கு எதிராக) என்று பயிற்சியில் கற்ற அதே பேட்டர்ன், சதுரமாக, யாரும் ஊகிக்கக்கூடிய மாதிரி. கீழே இருக்கும் கேனபிக்குத்தான் வழி உரிமை, அதே சமயம் அவர் உங்களைப் பார்த்திருக்கிறார் என்று நம்பிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் கேனபி பெரியது என்பது உங்களுக்கு வசதி: மேலே இருக்கும்போதே இரண்டு டாகிளையும் பாதி இழுத்துப் பாதி பிரேக்கில் மெதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தால் வேகமானவர்கள் எல்லோரும் முன்னால் இறங்கிப் போய்விடுவார்கள், காலியான வானத்தில் நீங்கள் நிதானமாக வரலாம். பேட்டர்ன் உயரத்துக்கு வந்த பிறகு ஸ்பைரல் (சுழன்றபடி வேகமாக இறங்குவது) போடக் கூடாது. இறங்கும் திசையை நீங்கள் தவறாக எடுத்துவிட்டதாக 200 அடியில் தெரிந்தால் அப்படியே நேராக, கேனபி சாயாமல், காற்றோடு போனாலும் பரவாயில்லை என்று இறங்கி உருண்டுவிடுங்கள். சிராய்ப்பு ஆறிவிடும். தாழ்வில் திரும்பியவர்களின் எலும்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

விமானத்துக்கு வருவோம். பெரிய இடங்களில் இன்ஜினை நிறுத்தாமலே ஆள் ஏற்றுவார்கள், புரொப்பெல்லர் சுழன்றுகொண்டே இருக்கும். அவ்வளவு சத்தத்திலும் பரபரப்பிலும் சுழல்வது கண்ணுக்குத் தெரியாது, ஆகவே எப்போதும் வால் பக்கத்திலிருந்துதான் அணுக வேண்டும், இறக்கைக்கு முன்னால் எதற்காகவும் போகக் கூடாது, விட்டுவந்த கையுறைக்காகக்கூட. உள்ளே உட்கார்ந்ததும் பெல்ட்டும் ஹெல்மெட்டும். 1992 ஏப்ரல் 22 அன்று கலிஃபோர்னியாவின் பெர்ரிஸில் ஒரு ட்வின் ஆட்டர் மேலே ஏறும்போதே விழுந்து 16 பேர் இறந்தார்கள், கலப்படமான எரிபொருள் காரணம். பெல்ட் விஷயத்தில் அமெரிக்க ஸ்கைடைவர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பின்னால் அந்த நாள் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது உங்கள் கைப்பிடிகளையும் பின்னால் இருக்கும் பைலட் சூட்டையும் (பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிப் பாராசூட்) எதிலும் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செஸ்னாவில் நாலு பேருக்குள் நகர்வதும் இங்கே இருபது பேருக்குள் முட்டிக்கால் போட்டு நகர்வதும் வேறு.

யார் முதலில் குதிப்பது என்பது உங்களுக்குப் புதிதாக இருக்கும், ஒரு செஸ்னாவில் அந்தக் கேள்வியே அதிகம் எழாது. குப்புற விழும் பெரிய குழு முதலில், பிறகு சின்னக் குழுக்கள், அப்புறம் தலைகீழாகவோ நின்றுகொண்டோ விழும் ஃப்ரீஃப்ளை ஆட்கள், பிறகு மாணவர்கள், இன்ஸ்ட்ரக்டரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம், கடைசியில் இறக்கை உடை போட்ட விங்சூட் என்பது பொதுவான வரிசை. காரணம் எளிது: குப்புற விழுபவர் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுவார், தலைகீழாகவோ நின்றுகொண்டோ விழுபவர் 250ஐத் தாண்டுவார். மெதுவாக விழுபவர் காற்றில் அதிக நேரம் இருப்பதால் அதிக தூரம் அடித்துக்கொண்டு போவார், அவரைப் பின்னால் விட்டால் முன்னால் போனவர் தலைமேல் போய் நிற்க வாய்ப்பு உண்டு. உங்கள் இடத்தைத் தரையிலேயே, ஏறுவதற்கு முன்பே, லோடில் இருப்பவர்களிடம் "நான் தனியாகக் குப்புற, 4,000 அடியில் திறக்கிறேன்" என்று சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கத்தைவிட மேலே திறந்தால் அது கட்டாயம் மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும், உங்கள் லைசென்ஸுக்கு 3,000 அடிக்குக் கீழே போகக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

குழுக்களுக்கு நடுவே எத்தனை வினாடி விடுவது என்பதில் இரண்டு பேச்சு கேட்பீர்கள். முன்னால் போனவர் 45 டிகிரி கோணத்துக்குப் போகும்வரை காத்திரு என்று பழைய ஆட்கள் சிலர் இன்னமும் சொல்வார்கள், அது தவறு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தவறு, கதவில் இருந்து பார்க்கும்போது அந்தக் கோணம் இடைவெளியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. விமானம் தரைக்கு மேலே எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதுதான் கணக்கு. 80 நாட் என்றால் வினாடிக்கு சுமார் 41 மீட்டர், குழுக்களுக்கு நடுவே 300 மீட்டர் வேண்டுமானால் ஏழு எட்டு வினாடி. மேல்காற்று எதிராகப் பலமாக அடித்து வேகம் 50 நாட்டுக்கு இறங்கினால் அதே தூரத்துக்குப் பன்னிரண்டு வினாடி. அன்றைய எண்ணை மேனிஃபெஸ்ட் பக்கத்திலோ கதவுக்கு அருகிலோ போட்டிருப்பார்கள், இல்லையென்றால் கேளுங்கள். பின்னால் இருப்பவர் "போ போ" என்று அவசரப்படுத்தினாலும் எண்ணி முடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கீழே பார்த்து இடம் தப்பாக இருந்தால் குதிக்காமல் நிற்பதும் உங்கள் உரிமை, விமானம் இன்னொரு சுற்று வரும், இல்லையென்றால் அதோடு கீழே வரலாம். கேனபி திறந்ததும் விமானம் போன கோட்டின் மேலேயே பறக்காமல், ரியர் ரைசரால் (தோளுக்கு மேலே பின்பக்கம் உள்ள பட்டையால்) குறுக்காகத் திருப்பி சில வினாடி விலகிப் போங்கள், உங்களுக்கு முன்னாலும் பின்னாலும் குதித்தவர்கள் அந்தக் கோட்டில்தான் இருப்பார்கள்.

தனியாக வருகிறேன் என்று கவலைப்பட்டீர்கள். பெரிய இடத்தின் மிக நல்ல விஷயமே லோடு ஆர்கனைசர்கள்தான், தெரியாத ஆட்களைத் திறமைக்கு ஏற்ற மாதிரி சேர்த்துக் குழு அமைப்பவர்கள், பூகி சமயத்தில் பெரும்பாலும் தனியாகக் காசும் வாங்க மாட்டார்கள். நேராகப் போய் "43 ஜம்ப், இதுவரை இரண்டு மூன்று பேரோடுதான் குதித்திருக்கிறேன்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எண்ணைக் கூட்டிச் சொல்லும் ஆளைத்தான் யாரும் விரும்ப மாட்டார்கள், குறைவான எண்ணை யாரும் குறைத்து மதிப்பதில்லை. எட்டுப் பேர், பத்துப் பேர் குழுவில் இடம் கொடுத்தாலும் இந்தப் பயணத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டிலிருந்து நாலு பேர் போதும். கோப்ரோவுக்குப் பதில் வேண்டாம் என்பதுதான். யுஎஸ்பிஏ 200 ஜம்ப்புக்கு முன் கேமரா வேண்டாம் என்கிறது, பாராசூட் கயிறு அதில் சிக்கும் ஆபத்து ஒன்று, அதைவிட முக்கியமாகக் கவனத்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு இப்போது மிச்சம் பிடிக்க முடியாத பங்கு அது. நல்ல நினைவுக்குப் படம் வேண்டுமானால் கேமரா வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவரைக் கூட வரச் சொல்லுங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

காற்று விஷயத்தில் பெரிய இடம் உங்களுக்காக முடிவெடுக்காது. பயிற்சிக் காலத்தில் மணிக்கு 14 மைலுக்கு மேல் காற்று அடித்தால் உங்களை நிறுத்தியிருப்பார்கள். இப்போது லைசென்ஸ் இருக்கிறது, 20 மைல் அடித்தாலும் விமானம் போகும், டிக்கெட் விற்பார்கள். இந்த வாரம் முழுவதும் அந்த 14ஐயே உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டு வேடிக்கை பாருங்கள். டிசம்பரில் மேலே பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், கைப்பிடியை உணர முடிகிற மெல்லிய கையுறை வேண்டும். கோடையில் திரும்ப வந்தால் கதையே வேறு: அந்தக் களம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 அடி, 40 டிகிரி வெயிலில் காற்று கிட்டத்தட்ட 5,000 அடி உயரத்தில் இருப்பது போல மெலிந்துவிடும், அதே கேனபி உங்களுக்குப் பழகியதைவிட வேகமாகத் தரையை நோக்கி வரும், மதியத்தில் எழும் சுழல்தூசி கேனபியை மடக்கியே விடும். எந்தப் பருவமானாலும் நாளைக்கு நாலு, ஐந்து ஜம்ப்போடு நிறுத்துங்கள். ஓஹையோவில் இரண்டுக்கே நாள் போயிருக்கும், இங்கே எட்டு முடியும், அந்த ஏழாவது எட்டாவதில்தான் கால் தளர்ந்து கண் சொருகும்.

பயணத்தில் ரிக்கை, அதாவது பாராசூட் உள்ள முதுகுப்பையை, கைப்பையாகவே விமானத்துக்குள் எடுத்துச் செல்லுங்கள், செக்கின் பெட்டியில் போட வேண்டாம். ஆபத்தில் ரிசர்வைத் தானாகத் திறக்கும் ஏஏடி கருவியோடு அதன் எக்ஸ்ரே படம் போட்ட அட்டை ஒன்று வரும், சைப்ரஸ் என்ற தயாரிப்பாக இருந்தால் நிச்சயம் இருக்கும், அதைக் கையில் வைத்திருங்கள். சோதனையில் திறந்து பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் கூட நிற்க வேண்டும், அதனால் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை, என் அபிப்பிராயம் மட்டும். பாராசூட் மடித்துத் தரும் பேக்கருக்குக் காசு கொடுப்பதா, நீங்களே மடிப்பதா என்றால் முதல் நாள் நீங்களே மடியுங்கள் என்பேன், மனசு நிதானப்படும், ஆனால் எனக்குத் தெரிந்த நல்ல கோச்சுகள் இதற்கு நேர் எதிராக, அந்த நேரத்தில் ஓய்வெடு என்பார்கள். அங்கேயே இருக்கும், கீழிருந்து காற்று அடித்து மிதக்க வைக்கும் காற்றுச் சுரங்கத்தில் பதினைந்து நிமிடம் பறப்பது குப்புற விழும் நிலையைச் சீராக்கும், ஆனால் உங்களுக்கு இப்போது தேவை கேனபி பயிற்சி, கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் அங்கே கேனபி வகுப்பு நடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். நான் உங்கள் இறக்கத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அதனால் உங்கள் கேனபி உங்களுக்குச் சரியான அளவா என்பதை இங்கிருந்து சொல்ல மாட்டேன், அதை உங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் கிளம்புவதற்கு முன் கேளுங்கள். கேனபி அளவு, ரிக்கோடு சேர்த்து உங்கள் எடை, கடைசியாகக் குதித்த தேதி, இந்த மூன்றையும் எழுதி அவருக்கு அனுப்பினால் போதும். எனக்கும் அனுப்பலாம், 27ஆம் தேதி நான் அங்கே இருப்பேன், காலை முதல் லோடுக்கு முன் களத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவோம்.